சதுரத் தாளின் வெட்டிய மூலை

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், திருச்சியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இது தொடங்கியது. முடிந்தது லால்குடி போகும் ரயிலில்.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியபின், பிள்ளைகள் வெளியூர்ப் படிப்புக்குப் போய்விட்ட தைரியத்தில், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். வழிகாட்டியாக அமைந்த பேராசிரியர் என்னைவிட ஏழு வயது இளையவர். நான் அவரை ‘சார்’ என்பேன். அவர் என்னை ‘மேடம்’ என்பார். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே கொஞ்சம் சங்கடம் இருந்ததால், அவர் என் வேலையில் அதிகம் தலையிடுவதில்லை.

என் வேலை கிராஃபீன் என்ற பொருளோடு. பென்சில் முனையில் இருக்கும் கரி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த எண்ணற்ற ஏடுகளால் ஆனது. அதில் ஒரே ஓர் ஏட்டை மட்டும் பிரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன். ஓர் அணுவின் கனம், ஒளி ஊடுருவும், மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். இது அகலமான படலமாக வேண்டுமென்றால், மெல்லிய தாமிரத் தாளை உலையில் சூடாக்கி, கரிமம் கலந்த வாயுவைச் செலுத்தி அதன்மேல் வளர்க்க வேண்டும். ஆனால் தாமிரத்தின்மேல் இருக்கும்வரை அதனால் பெரிய பயனில்லை. கண்ணாடிக்கோ பிளாஸ்டிக்குக்கோ கிழியாமல் மாற்ற வேண்டும். அந்த மாற்றும் வேலைதான் என் ஆய்வு.

செய்முறை கேட்பதற்கு எளிது. தாளின் ஒரு முகத்தில் அக்ரிலிக் கரைசலை மெல்லப் பூசிக் காயவைப்போம். அந்தப் பூச்சு கிராஃபீனைப் பிடித்துக்கொள்ளும். மறுமுகத்தைத் துடைத்துவிட்டு, தாளை ஒரு திரவத்தில் மிதக்க விடுவோம். சில மணி நேரத்தில் தாமிரம் முழுக்கக் கரைந்துபோகும். திரவத்தின்மேல் நிறமற்ற படலம் ஒன்று மட்டும் நிற்கும். அதைத் தண்ணீருக்கு மாற்றிக் கழுவி, கண்ணாடித் தகட்டால் அடியிலிருந்து ஏந்தி எடுத்து, சாய்த்து உலர்த்தி, கடைசியில் பூச்சை அசிட்டோனில் கரைத்துவிட வேண்டும். ஏந்தும் நேரத்தில் மின்விசிறி ஓடினால்கூடப் படலம் சுருங்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உலையில் மேலே பார்த்திருந்த முகத்தில்தான் கிராஃபீன் நன்றாக வளரும். தட்டோடு ஒட்டியிருந்த கீழ்முகத்தில் திட்டுத்திட்டாக, ஓட்டைகளோடு இருக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டு முகமும் ஒரே தாமிரம்தான். முகம் மாறிப்போனால், நல்லதைத் துடைத்து எறிந்துவிட்டு மோசமானதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருப்போம்.

அதற்காக ஆரம்பத்திலேயே நான் ஒரு விதி வகுத்திருந்தேன். தாளின் ஒரு மூலையைச் சிறிதாக வெட்டிவிடுவேன். வெட்டிய மூலை வலக்கைப் பக்கம் மேலே இருக்கும்படி தாளை வைத்தால் நல்ல முகம் நம்மைப் பார்க்கும். இதைத் தெளிவான கையெழுத்தில் எழுதி, பூச்சுப் பூசும் கருவிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். ஓராண்டு முழுக்க அந்த விதி ஒருமுறையும் தவறியதில்லை. அப்போது நாங்கள் எடுத்தவை எல்லாம் நீளவாக்கில் வெட்டிய சிறு துண்டுகள்; அவற்றை எப்போதும் நெட்டாகவே வைப்போம்.

பூச்சு வேலையைச் செய்தவர் ஆய்வகத்தின் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர். முப்பது வயதிருக்கும். பாலிடெக்னிக் படித்தவர். கணவர் டிராக்டர் ஓட்டுகிறவர். மகள் இரண்டாம் வகுப்பு. லால்குடிக்கு அருகிலுள்ள ஊரிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவார். காலையில் எனக்கு வகுப்புகள் இருக்கும். முந்தைய நாள் மாலை நான் வெட்டி, மெல்லிய காகிதங்களுக்கு நடுவே டப்பாவில் வைத்துவிட்டுப் போகும் தாள்களை, மறுநாள் காலை அவர் எடுத்துப் பூசி வைப்பார்.

அவருக்குக் கை ஓடும்போதே வாயும் ஓடும். கல்லூரி கேன்டீன் சாம்பாரிலிருந்து மாமியாரின் கால்வலி வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. “மேடம், நீங்க சிரிக்காமலே கேக்குறீங்களா, எனக்குப் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு” என்று ஒருநாள் சொன்னார். நான் அதற்கும் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். பேசிக்கொண்டே வேலை செய்கிறவர் கவனமாகச் செய்ய முடியாது என்ற எண்ணம், எப்போது வந்தது என்று தெரியாமலே, எனக்குள் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆவணியில், வெளியூர் ஆய்வகம் ஒன்று பெரிய தாமிரத் தாளில் கிராஃபீன் வளர்த்து அனுப்பியது. அடுத்தது எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அதை உள்ளங்கை அகலத்துக்கு எட்டுத் துண்டுகளாக வெட்டினேன். எங்களிடம் இருந்த கண்ணாடித் தகடுகள் சதுரமானவை. ஆகவே தாள்களையும் சதுரமாகவே வெட்டினேன். அட்டையில் ஓர் அச்சு செய்துகொண்டு, மூலைகளையும் ஒரு நூலிழை பிசகாமல் ஒரே சாய்வில் வெட்டினேன். அந்த ஒழுங்கைப் பார்க்க எனக்கே நிறைவாக இருந்தது.

முதல் தாள் அழகாக வந்தது. இரண்டாவது, கண்ணாடியில் ஏறிய பிறகு பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருந்தது. மூன்றாவது நன்றாக வந்தது. நான்காவதும் ஐந்தாவதும் வீண். நுண்ணோக்கியில் பார்த்ததுமே புரிந்துவிட்டது: இவை கீழ்முகத்தின் படலங்கள். முகம் மாறியிருக்கிறது.

அன்று மதியம் உதவியாளரைக் கூப்பிட்டேன். வேறு இரண்டு ஆய்வு மாணவர்களும் அங்கே இருந்தார்கள்.

“எந்தப் பக்கம் பூசினீங்க?”

“நீங்க எழுதி ஒட்டியிருக்கிற மாதிரிதான் மேடம். மூலை வலது கைப் பக்கம் மேல.”

“பாத்தீங்களா, இல்ல பேசிக்கிட்டே வச்சிட்டீங்களா?”

“பாத்துத்தான் மேடம் வச்சேன். ஒவ்வொரு தாளும் பாத்தேன்.”

“பாத்துச் செய்யிறவங்க கையில இப்படி வராதும்மா.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். மாணவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதுவதுபோல இருந்தார். உதவியாளர் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போனார்.

ஆறாவது தாளை நானே பூசினேன். விதியை வாய்விட்டுப் படித்து, மூலையைச் சரிபார்த்துப் பூசினேன். மாசு மறுவற்ற படலம் கிடைத்தது. இதற்குமேல் எனக்கு என்ன சான்று வேண்டும்? அன்றே பேராசிரியருக்கு அரைப்பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாக வரும் என்பதில் சிறு வயதிலிருந்தே பெருமை உண்டு. அந்தக் கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. ‘தொடர்ந்து காணப்படும் கவனக்குறைவு’ என்று ஒரே ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். நல்ல நடையில் எழுதிய கடிதம். படிக்கிறவருக்கு மறுத்துச் சொல்லத் தோன்றாது.

பேராசிரியர் படித்துவிட்டு, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்” என்றார். ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணி நீட்டிப்பு. அந்தப் பட்டியல் இன்னும் சில நாளில் அலுவலகத்துக்குப் போக இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன் என்று சொல்லிவிட முடியாது. தெரியாமல் எழுதினேன் என்றும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் ஏழாவது தாளை எடுத்தேன். அதையும் நானே பூசினேன், நானே துடைத்தேன், நானே மிதக்க விட்டேன், நானே ஏந்தினேன். அது ஓட்டை ஓட்டையாக வந்தது.

முதலில் கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன். பிறகு திரவத்தை. பிறகு தாளை அனுப்பியவர்களை. வேறு சந்தேகப்பட எதுவும் மிஞ்சாதபோது, சுவரில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். குறிப்பேட்டிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்துச் சதுரமாக மடித்து வெட்டினேன். ஒரு முகம் முழுக்கச் சிவப்புப் பேனாவால் கோடு கிழித்தேன். ஒரு மூலையை வெட்டினேன். சிவப்பு முகம் மேலே இருக்க, வெட்டிய மூலையை வலப்பக்கம் மேலே வைத்தேன். விதிப்படி சரி. காகிதத்தைப் புரட்டினேன். மூலை இடப்பக்கம் போயிற்று. கால் சுற்றுச் சுற்றினேன். மூலை மறுபடி வலப்பக்கம் மேலே வந்து நின்றது. மேலே வெள்ளை முகம்.

நீளத்துண்டாக இருந்தவரை அதன் நீளமே காட்டிக்கொடுத்திருக்கும். சதுரத்தில் எந்த முகத்தை மேலே வைத்தாலும் மூலையை வலப்பக்கம் கொண்டுவந்துவிடலாம். என் விதி எதையும் சொல்லவில்லை. நன்றாக வந்த தாள்கள் எல்லாம், என் கையில் வந்த ஆறாவது உட்பட, சுண்டிவிட்ட காசு தலை விழுந்ததுபோல வந்தவை. கோணல்மாணலாக வெட்டியிருந்தால்கூட ஏதாவது வித்தியாசம் தெரிந்திருக்கும். அச்சு வைத்து ஒழுங்காக வெட்டியதால் அதுவும் இல்லாமல் போயிற்று.

பி.எஸ்சி. முதலாண்டு மாணவர்களுக்குச் சமச்சீர்மை பற்றி இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள் நான்.

பேராசிரியரின் அறைக்குப் போய்க் காகிதத்தைக் காட்டினேன். அவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“லிஸ்ட் முந்தாநாளே போயிருச்சே மேடம். அவங்க பேரு அதுல இல்ல. இன்னைக்குக் காலையில ஆபீஸ்ல அவங்ககிட்ட சொல்லியும் இருப்பாங்க.”

“திரும்பச் சேக்க முடியாதா சார்?”

“பாக்கலாம். காரணம்னு எதையும் எழுத வேண்டாம் மேடம். வேலைக்கு ஆள் தேவைப்படுதுன்னு சொல்லிக்கலாம். உங்களுக்கும் சங்கடம் இல்ல.”

என்மேல் உள்ள மரியாதையால்தான் அப்படிச் சொன்னார். ஒரு நிமிடம் அந்த யோசனை எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் முதல் கடிதம் கோப்பில் இருக்கும். ‘கவனக்குறைவு’ என்ற சொல் உதவியாளரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினேன். விதி தவறு, வகுத்தது நான், முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வரி. நடையைப் பற்றி யோசிக்கவில்லை. பிறகு ஆய்வகத்துக்குப் போய், அன்று கூட இருந்த அந்த இரண்டு மாணவர்களையும் அழைத்துக் காகிதத்தைப் புரட்டிக் காட்டி, தவறு யாருடையது என்று சொன்னேன். உதவியாளர் எங்கே என்று கேட்டதற்கு, தலைவலி என்று முன்னதாகவே கிளம்பிவிட்டார் என்றார்கள்.

வழக்கமாக நான் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்புவேன். அன்று ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குப் போனேன். லால்குடி பக்கம் போகும் பாசஞ்சர் ரயில் கிளம்பத் தயாராக இருந்தது. பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனதில், நான்காவது பெட்டியில் ஜன்னலோரம் இருந்தார். மடியில் சாப்பாட்டுக் கூடை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் உட்காரச் சொல்லி எதிரே உட்கார்ந்தேன்.

பொன்மலை தாண்டியதும் அவர்தான் முதலில் பேசினார்.

“ஆபீஸ்ல சொல்லிட்டாங்க மேடம். உங்கமேல எனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் சரியா இல்லபோல இருக்கு.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“இல்ல மேடம். நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வீட்ல தோசையைத் திருப்பறப்பகூட எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன். அவரு ‘கருகுது, கருகுது’ங்கிறாரு. கேஸை அணைச்சமான்னு மூணு தடவ போயிப் பாக்குறேன். பாப்பா யூனிஃபார்ம் பட்டனைப் போட்டுட்டு மறுபடி எண்ணிப் பாக்குறேன். ‘என்னம்மா, எனக்குப் போடத் தெரியும்மா’ங்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேலை போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அவருடைய கையையும் கண்ணையும் அவரே நம்பாமல் போகும்படி செய்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவர் மடியிலிருந்த கூடையின் மூடியில் வைத்தேன். சிவப்பு முகத்தை நல்ல முகம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். புரட்டிச் சுற்றிக் காட்டினேன். டவுன் ஸ்டேஷனில் ஏறிய கூட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்ததில் காகிதம் கீழே விழுந்தது. அவரே எடுத்தார். மூலையை வலப்பக்கம் வைத்தார். புரட்டினார். சுற்றினார். மறுபடி புரட்டினார். காவிரிப் பாலம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தார்.

“அப்ப நான் பாத்தது சரிதான்” என்றார்.

“நீங்க பாத்தது சரிதான். நான் எழுதி வச்சதுதான் தப்பு.”

“மூலை வலது பக்கம்தான் இருந்துச்சு.”

“ஆமா. வலது பக்கம்தான் இருந்துச்சு.”

ஸ்ரீரங்கத்தில் ரயில் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்டுவிட்டு இறங்க ஒரு நிமிட நிறுத்தம் போதாது. ரயில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது கேட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னதற்கும், கடிதம் எழுதியதற்கும், கேட்காமல் முடிவு செய்ததற்கும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டாவது கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர், பெரியவர்கள் சின்னவர்களிடம் இப்படிப் பேசலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. காலை மிதித்தாலும், காப்பியைக் கொட்டினாலும், பெருந்தவறே செய்தாலும், கேட்டவுடன் ‘பரவால்ல’ என்று சொல்லிவிடுவோம். மனதில் என்ன இருந்தாலும் வாய் அதைச் சொல்லிவிடும். நானும் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். உத்தமர்கோயில் போயிற்று, வாளாடி போயிற்று. அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லால்குடி வரும்போது திரும்பி, “மேடம், மூலையை ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டாம, ஒரு பக்கம் நீளமாச் சாய்ச்சு வெட்டிட்டா? புரட்டினா நீளம் மாறி நிக்குமே, தெரிஞ்சிரும்ல?” என்றார்.

தெரிந்துவிடும் என்றேன். இறங்கி, நான் திருவானைக்காவல் வழியாகத் திரும்புவதற்கு எந்தப் பஸ் என்று காட்டிவிட்டு, “போயிட்டு வாங்க மேடம்” என்று தன் வழியே போனார்.

அவர் பெயரை உடனே திரும்பச் சேர்க்க முடியவில்லை. நானும் பேராசிரியரும் மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தோம். ஒரு மாதம் அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அந்த ஒரு மாதமும் என் கணக்கில்தான் சேரும். அதை எந்தக் கடிதத்தாலும் ஈடு செய்ய முடியவில்லை. எட்டாவது தாள் டப்பாவிலேயே இருந்தது. பேராசிரியர் இரண்டு முறை கேட்டார். ஆள் வரட்டும் என்றேன்.

ஐப்பசியில் அவர் திரும்ப வந்தார். எட்டாவது தாளின் ஓரத்தில் ஓர் இழை வெட்டிச் சூடான தட்டில் வைத்தோம். கிராஃபீன் மூடாத தாமிரம் சூட்டில் சிவந்துவிடும். சிவக்காத முகம்தான் நல்ல முகம். பார்த்து, தாளின் இன்னொரு மூலையை ஒரு பக்கம் நீளமாகச் சாய்த்து அவர் வெட்டினார். சுவரில் இருந்த என் தாளைக் கிழித்துவிட்டு, புது விதியை அவர் கையெழுத்தில் ஒட்டினோம். மறுநாள் படலத்தை இருவருமாக வளையும் பிளாஸ்டிக்கின்மேல் ஏந்தினோம். ஓர் ஓரத்தில் சிறிய கிழிசல் இருந்தது. மற்றபடி முழுமையாக வந்தது. என் ஆய்வேட்டில் இருக்கும் படம் அதுதான்.

இப்போதும் நாங்கள் ஒரே ஆய்வகத்தில்தான் இருக்கிறோம். அவர் பழையபடி பேசுகிறார். முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. ரயிலில் பேசியதைப் பற்றி இருவரும் பிறகு எடுத்ததில்லை. அன்று கொள்ளிடத்திலிருந்து லால்குடி வரை நான் காத்திருந்த அந்த ஒரு சொல்லை அவர் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன் என்பதால், அவர் சொல்லாமல் விட்டதை எனக்குச் செய்த நன்மையாகவே எண்ணுகிறேன்.